பெட்ரோல் மூடியின் மேல் ஒரு முத்திரை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிறு குலுங்குகிற நல்ல சிரிப்பு. நிச்சயம் தருகிறேன். ஆனால் இப்போது தர முடியாது. அது முத்திரையிடப்பட்ட நிலையில் இருக்கிறது. உரிய அலுவலர்கள் முன்னிலையில், உரிய இடத்தில், உரிய முறைப்படி பிரிக்கப்படும். அதுவரை வாசகர்கள் முண்டாமல், முனகாமல், வரிசையில் நின்று ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நடுவில் யாருக்காவது சிரிப்பு வந்துவிட்டால் அது அவரவர் சொந்தப் பொறுப்பு. அலுவலகம் பொறுப்பேற்காது.

அலுவலகம் என்று சொன்னது எரிபொருள் சிக்கன அலுவலகத்தை. அங்கே ஒரே ஒரு கார். அதை ஓட்டுவது என் அம்மா. பதவி: தற்காலிக ஓட்டுநர். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நான் நடந்த காலத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தாள். இப்போது அவள் செருப்பு எனக்குப் பத்தவில்லை. தற்காலிகம் மட்டும் இன்னும் முடியவில்லை.

பள்ளி விட்டதும் நான் நேராக அந்த அலுவலகத்துக்குப் போய்விடுவேன். வீட்டுச் சாவி அம்மா இடுப்பில் இருக்கும். அவள் வேலை முடிகிறவரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து எல்லோர் குரலையும் பிடித்துப் பையில் போட்டுக்கொள்வேன். யார் எப்படி இருமுகிறார், யார் எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுகிறார், எந்தக் கதவு எப்படிக் கிறீச்சிடுகிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே என் பெயர் வாலு. வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள்.

கார் அந்தக் காலத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும். வயசான வண்டிதான், ஆனால் ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை. அப்புறம் புதிய மேலதிகாரி வந்தார்.

அவர் பெயர் ஆவன. அம்மா அப்பா வைத்தது வேறு ஏதோ. ஆனால் எந்தத் தாளை நீட்டினாலும் "ஆவன செய்க" என்று எழுதுவார், எதைக் கேட்டாலும் "ஆவன செய்யப்படும்" என்பார். பேச்சும் அப்படித்தான், அச்சடித்தது மாதிரி. மழை பெய்தால்கூட "மழை பெய்து வருவது கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டது" என்பார். அவர் குரல் வேண்டுமானால், வாயில் ஒரு கோலிக்குண்டை உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "க்ஹும்" என்று கனைத்துவிட்டு வாசியுங்கள்.

வந்த முதல் நாளே அம்மாவைக் கூப்பிட்டார்.

"க்ஹும். இந்த வாகனத்தில் மாதந்தோறும் எவ்வளவு பெட்ரோல் திருடப்படுகிறது?"

"ஒரு சொட்டுகூடத் திருட்டுப் போகலை சார்."

"அதாவது, இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை."

"இல்ல சார், திருட்டே கிடையாது."

"திருட்டு இல்லை என்பதற்கு ஆதாரம்?"

இல்லாததற்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது? அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடிய அன்றைக்கே பெட்ரோல் டாங்கியின் வாயையும் மூடிவிட வேண்டும் என்று முடிவானது. திட்டத்தின் பெயர் "முத்திரைத் திட்டம்".

முதலில் அரக்கு முத்திரைதான் என்றார்கள். அந்த வேலை அரக்கு அண்ணனுக்கு. அலுவலகத்தில் முத்திரை வைக்கிற எல்லா வேலையும் அவருடையது. தபால் பையிலிருந்து அலமாரி வரை, அரக்கு உருக்கி, அச்சு வைத்து, கையெழுத்துப் போட்டு முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அவர் மெழுகுவர்த்தியும் அரக்குமாகப் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தீக்குச்சியை உரசினார். அடுத்த நொடி அலுவலகமே சுவரேறிக் குதித்து எதிர்த்த தெருவில் நின்றது. ஆவன சன்னல் வழியாகக் குதித்தார். குதிக்கும்போதும் கோப்பை விடவில்லை.

பிறகு அரக்கு வேண்டாம் என்று ஒட்டுநாடாவுக்கு மாறினார்கள். மூடிமேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அதன்மேல் அகலமான ஒட்டுநாடா, சுற்றிச் சுற்றி. அதன்மேல் ஒரு காகிதம், கையெழுத்து, முத்திரை. அதன்மேல் மறுபடி ஒட்டுநாடா. பார்த்தால் முழங்கை உடைந்து கட்டுப்போட்ட மாதிரி இருக்கும். எறும்பு நுழையாது. காற்று நுழையாது.

கூடவே ஒரு விதி: முத்திரையைப் பிரிக்க வேண்டுமானால் நிரந்தரப் பணியாளர்கள் மூன்று பேர் உடனிருக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் கூட்டுச் சேர்ந்து திருடலாமாம். மூன்று பேர் என்றால் ஒருவரை ஒருவர் நம்பமாட்டார்களாம்.

முத்திரை ஒட்டிய மறுநாளே ஆவன எல்லோரையும் கூட்டி அறிவித்தார்: "திட்டத்திற்கு முன் திருட்டு: இல்லை. திட்டத்திற்குப் பின் திருட்டு: இல்லை. திட்டம் முழு வெற்றி."

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். கை தட்டும் சத்தம் எனக்கு நன்றாக வரும்.

அந்த வாரம்தான் கார் நிற்க ஆரம்பித்தது.

அலுவலக வாசலில் கிளம்பும்போது கம்பீரமாகத்தான் கிளம்பும். கடைத்தெரு தாண்டும். பாலம் ஏறுவதற்குள் ஒரு செருமல். டுர்ர்ர்ர்... டுக். டுக்டுக். உலுக்கல். ம்ஹ்ம். அவ்வளவுதான். பின்னால் வருகிற அத்தனை ஹாரனும் அம்மாவைத் திட்டும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி கிளம்பும். அடுத்த திருப்பத்தில் மறுபடி ம்ஹ்ம்.

முதல் தடவை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூன்று நிரந்தரப் பணியாளர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அரக்கு அண்ணன் தலைமை. பிளேடு போட்டு நாடாவைக் கிழித்து, உறையை நீக்கி, மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

உள்ளே குச்சியை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் இருந்தது. அம்மா சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே உதையில் எழுந்து பாட ஆரம்பித்தது.

"பெட்ரோல் இருக்கு. எஞ்சின் ஓடுது. குறை ஒண்ணும் இல்லையே?" என்றார் மூவரில் ஒருவர்.

"அப்ப ஏன் சார் நின்னுச்சு?" என்றாள் அம்மா.

"நின்னப்ப நாங்க இல்லையேம்மா. நாங்க இருக்கும்போது ஓடுது. அதைத்தானே எழுத முடியும்?"

எழுதினார்கள். மறுபடி உறை, நாடா, காகிதம், கையெழுத்து, நாடா. பாலம் தாண்டியதும், ம்ஹ்ம்.

அப்புறம் பட்டறை. பட்டறை மேஸ்திரிக்குக் குரல் கிடையாது, உறுமல்தான். எதைக் காட்டினாலும் "மாத்திரலாம்" என்பார். வண்டி பட்டறைக்குள் நுழையும்போது முத்திரையோடு நுழையக் கூடாது என்று இன்னொரு விதி இருந்ததால், வாசலிலேயே மூவர் வந்து பிரித்துவிடுவார்கள். முதலில் பிளக்கை மாற்றினார். முத்திரை இல்லாத வண்டி பட்டறையைச் சுற்றிச் சுற்றிக் குதிரை மாதிரி ஓடியது. ஒப்படைத்தார். வாசலில் முத்திரை வைத்தார்கள். பாலத்தில் நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினார். ஓடியது. முத்திரை. நின்றது. கார்புரேட்டர், பேட்டரி, வயர்கள் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனார். ஒருநாள் அம்மா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல பழசு இனிமே நானும் ஹாரனும்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, ஹாரனையும் மாற்றிவிட்டார்.

ஆவன இதையெல்லாம் ஆழ்ந்து ஆராய்ந்தார். "பட்டறையில் மேஸ்திரி ஓட்டினால் ஓடுகிறது. சாலையில் இந்த அம்மையார் ஓட்டினால் நிற்கிறது. எனில் குறை எங்கே?"

எல்லோர் கண்ணும் அம்மா மேல் திரும்பியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். குரலைப் பிடித்துவைத்திருக்கிறேன். அந்த ஆள் என் கையில் ஒருநாள் மாட்டுவார்.

நான் ஒரு தடவை முயன்று பார்த்தேன். நடைபாதையில் ஆவன வந்தபோது மறித்துக்கொண்டு, "சார், மூடியை இறுக்கி ஒட்டிட்டா உள்ள காத்து போகாதில்ல, அதனாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"காற்று நமது அலுவலக வரம்புக்குள் வராது, பாப்பா. அதற்கு வேறு துறை உள்ளது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் புன்னகை வந்தார். மன ஊக்கப் பயிற்சியாளர். வெள்ளை வெளேரென்று செருப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை இறங்காத சிரிப்பு. அப்போது எல்லா அலுவலகங்களிலும் ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்வது மோஸ்தர். பக்கத்து அலுவலகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதால் ஆவனவுக்குத் தூக்கம் வரவில்லை. புன்னகையின் குரலுக்கு, நாக்கில் தேன் தடவிக்கொண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பேசுவது மாதிரி வாசிக்க வேண்டும்.

"வண்டி நிக்கலைங்க. அது தன்னை நிறுத்தி யோசிக்குது. நாமதான் அவசரப்படுறோம்."

"நடுப் பாலத்துலயா யோசிக்கும்?" என்றாள் அம்மா.

"எங்க யோசிக்கணும்னு நாம யாரு சொல்றதுக்கு?"

ஒரு நாள் பிற்பகல் முழுக்க, எல்லோரும் காரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, எஞ்சினிடம் மன்னிப்புக் கேட்டோம். அரக்கு அண்ணன் உண்மையிலேயே தூங்கிவிட்டார். அவர் குறட்டையை எஞ்சினின் பதில் என்று புன்னகை எடுத்துக்கொண்டார்.

போகும்போது எல்லோர் கையிலும் ஒரு தண்ணீர்க் குப்பியைத் திணித்தார். மெல்லிய பிளாஸ்டிக்கில் சுரைக்காய் அளவு. உறிஞ்சிக் குடிக்க மூடியில் ஒரு குழாய், பக்கத்தில் காற்றுக்கு ஊசிமுனை அளவு துளை. உடம்பில் கோடு போட்டு எழுதியிருக்கும்: காலை, "நீ ஓர் ஆறு". நண்பகல், "நீ ஓர் அருவி". மாலை, "நீயே கடல்". அந்தந்த நேரத்துக்கு அந்தந்தக் கோடு வரை குடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் குப்பியைத் தோளில் மாட்டாதவர்கள் அலுவலகத்தில் காட்டுமிராண்டிகள் என்று ஆனார்கள். ஆவன கழிப்பறைக்கும் அதோடுதான் போனார். கடலைக் குடித்தவர் வேறெங்கே போவார்?

கடைசியில் புன்னகையின் ஆய்வு முடிவு வந்தது: குறை எஞ்சினில் இல்லை, ஓட்டுநரின் மனப்பான்மையில் இருக்கிறது.

ஆவன அம்மாவைக் கூப்பிட்டு, மேசைமேல் இரண்டு உத்தரவுகளை வைத்தார். ஒன்று, பணி நிரந்தரம். இன்னொன்று, பணி நீக்கம். இரண்டும் தயார், கையெழுத்து மட்டும் பாக்கி.

"முத்திரைத் திட்டத்திற்காக எனக்குத் தலைமை அலுவலகத்தில் 'சிக்கனச் செம்மல்' விருது வழங்கப்படவுள்ளது. முத்திரை கலையாத நிலையில் இவ்வாகனம் மேடைக்கு முன் காட்சிக்கு வைக்கப்படும். அன்று வாகனம் நில்லாமல் சென்றால் முதல் தாள். நின்றால் இரண்டாம் தாள். க்ஹும்."

 அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அந்த மூடியைத் திறக்கும்போதெல்லாம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது, கவனிச்சியா? காத்து உள்ள ஓடுற சத்தம். பெட்ரோல் வெளிய போகப் போக உள்ள காத்து போகணும். போக வழி இல்லைன்னா பெட்ரோல் வராது. எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லம்மா. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்."

"தெரியும்டி."

"தெரியுமா? அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? 'சார், உங்களுக்கு விருது வாங்கித் தர்ற திட்டந்தான் சார் வண்டியை நிறுத்துது'ன்னா? நின்னா வேலை போகும். இதைச் சொன்னா நிக்கறதுக்கு முன்னாடியே போகும். அவர் திட்டத்துல ஓட்டை இருக்குன்னு நான் சொல்ல முடியுமா?"

"ஓட்டை இல்லாததுதானம்மா பிரச்சினையே!"

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு எங்கேயோ உள்ளே நின்றுவிட்டது. அவள் சிரித்துப் பார்த்தே பல வாரம் ஆகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போனால் நாங்கள் இருவரும் இந்த வீட்டையும் காலி பண்ண வேண்டும். இது அலுவலகம் கொடுத்த வீடு.

சரி, அவரிடம் நாம் சொல்லக் கூடாது. அவராகவே கண்டுபிடிக்க வேண்டும். அப்படி முடிவு செய்துகொண்டேன்.

விருது நாள் காலை. விழாவில் பலகுரல் நிகழ்ச்சி நடத்த ஓசியில் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். சிக்கன அலுவலகமல்லவா? ஆவன கண்ணாடி முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். வரவேற்பறையில் யாரும் இல்லை. நான் இன்டர்காமை எடுத்து முத்திரைப் பிரிவின் பொத்தானை அமுக்கினேன். கோலிக்குண்டை வாயில் உருட்டினேன்.

"க்ஹும். புதிய குடிநீர்க் குப்பிகள் பாதுகாப்பற்ற நிலையில் இருப்பது கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. விழாவிற்குச் செல்வோர் அனைவரின் குப்பிகளுக்கும் உடனடியாக முத்திரை இடுக. மூடியின் துளை உட்பட. குழாய் நீங்கலாக. ஆவன செய்க. நன்றி."

மறுமுனையில் ஒட்டுநாடாவை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆகட்டும் சார்," என்றார் அரக்கு அண்ணன்.

கிளம்பும்போது எல்லாக் குப்பிகளும் முழங்கைக் கட்டுப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தன. ஆவன தன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யார் உத்தரவு?"

"நீங்கதான் சார். காலையில இன்டர்காம்ல."

ஆவன யோசித்தார். நினைவில்லை என்று சொன்னால் நினைவில்லை என்றாகிவிடும். "ஆம்... உத்தரவிட்டேன். நல்ல உத்தரவு."

முன்னால் அம்மாவும் நானும். பின்னால் ஆவன, புன்னகை, முத்திரைக்குக் காவலாக அரக்கு அண்ணன். ஆவன மடியில் இரண்டு உத்தரவுகளும் இருந்த பை. அம்மா ஸ்டியரிங்கை, பாம்பின் கழுத்தைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தாள். கடைத்தெரு தாண்டினோம். பாலம் ஏறினோம், இறங்கினோம். நிற்கவில்லை! தலைமை அலுவலக மண்டபம் தெரிந்தது. வாசலில் ஆவன படம் போட்ட பெரிய பதாகை தெரிந்தது. படத்தில் அவர் பல்கூடத் தெரிந்தது.

டுர்ர்ர்... டுக். டுக்டுக்.

ம்ஹ்ம்.

 இரண்டு பக்கமும் நீள மதில், கடை கண்ணி கிடையாது, மண்டையைப் பிளக்கிற வெயில். அம்மா இறங்கி எஞ்சின் மேலிருந்த முன்மூடியைத் தூக்கினாள். வண்டியில் இருந்த ஒரே கேன் தண்ணீர் முழுவதையும் எடுத்து ரேடியேட்டரில் ஊற்றினாள். அது தாகமாக இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் இறங்கினோம். ஆவன பையிலிருந்து இரண்டாம் தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார். தொண்டை காய்ந்திருந்தது போல. கையெழுத்துக்கு முன்னால் குப்பியை எடுத்துக் குழாயை வாயில் வைத்தார்.

முதல் மடக்கு வந்தது. இரண்டாவது மடக்கு பாதி வந்தது. ஆற்றுக்கும் அருவிக்கும் நடுவில் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

உறிஞ்சினார். குப்பியின் கன்னம் ஒடுங்கியது. இன்னும் பலமாக உறிஞ்சினார். அவர் கன்னமும் ஒடுங்கியது. கண் பிதுங்கியது.

"இது... ஏன் நின்றுவிட்டது?"

அரக்கு அண்ணன் அக்கறையாகக் கிட்டே வந்தார். "தண்ணி இருக்கா சார்?"

"இருக்கிறது. தெரிகிறதே!"

"குழாய் அடைச்சிருக்கா?"

"இல்லை."

"அப்ப குறை ஒண்ணும் இல்லை சார்."

"குப்பி நிக்கலைங்க," என்றார் புன்னகை, உதட்டை நக்கிக்கொண்டே. அவருடைய குப்பியும் நின்றிருந்தது. "அது தன்னை நிறுத்தி..."

"க்ஹும்," என்றேன் நான், கோலிக்குண்டோடு. "குடிப்பவரின் மனப்பான்மையில் குறை காணப்படுகிறது."

ஆவன திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார், தான் எப்போது பேசினோம் என்று. ஆனால் தாகம் பெரிது. "இந்த முத்திரையைப் பிரியுங்கள்!"

அரக்கு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "விதி சார். நிரந்தரப் பணியாளர் மூணு பேர் உடனிருக்கணும். நீங்க ஒண்ணு. நான் ரெண்டு."

"இவர்?"

"நான் ஒப்பந்தத்துல இருக்கேங்க," என்றார் புன்னகை. முதல் தடவையாகச் சிரிப்பு இறங்கியது.

"இந்தப் பாப்பா?"

"நான் பலகுரல் சார். ஆனா எல்லாம் சேர்ந்து ஒரே ஆள்தான்."

"க்ஹும்... விதிக்கு விலக்கு?"

"விலக்கு வேணும்னா தலைமை அலுவலகத்துக்கு எழுதணும் சார். எழுதினா, முத்திரையை நீங்களே பிரிக்கப் பாத்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். இன்னிக்குத்தான் விருது வேற."

மூன்று தலையும் மெல்லத் திரும்பி, முன்மூடிக்குள் குனிந்திருந்த அம்மாவின் முதுகைப் பார்த்தன.

"அம்மையாரே," என்றார் ஆவன. குரலில் மணல் சரசரத்தது. "சற்று இப்படி வாருங்கள்."

அம்மா முன்மூடியைச் சாத்திவிட்டு வந்தாள். அரக்கு அண்ணன் பைக்குள் கையை விட்டு, கேட்காமலே முதல் தாளை எடுத்துக் கொதிக்கிற முன்மூடிமேல் விரித்தார். ஆவன சூட்டில் கையை உதறிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அரக்கு அண்ணன் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, ஹா என்று ஊதி, குத்தினார். பிறகு தாளை மடித்து அம்மாவின் கையில் வைத்தார்.

"வாழ்த்துகள்மா. இந்த நொடியிலிருந்து நீங்க நிரந்தரம். கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க, தண்ணியைத் திறக்கணும்."

மூவர் முன்னிலையில், உரிய முறைப்படி, ஒட்டுநாடா உரிக்கப்பட்டது. துளை வெளியே வந்தது.

உஸ்ஸ்ஸ்ஸ்.

ஒடுங்கியிருந்த குப்பி பொதுக்கென்று உப்பியது. ஆவன குழாயைக் கவ்விக் குடித்தார். அருவியைத் தாண்டினார். கடலுக்குள் இறங்கினார். அங்கே, நடுக்கடலில், நின்றார்.

குழாய் வாயிலிருந்து நழுவியது. கையில் ஒட்டியிருந்த நாடாவைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். மெல்ல நடந்து காரின் பின்பக்கம் போனார். பெட்ரோல் மூடியைக் குனிந்து பார்த்தார். அதே நாடா. அதே கையெழுத்து. விரலால் தடவினார்.

"அப்போ..." என்றார். க்ஹும் இல்லை. கோலிக்குண்டு இல்லை. அச்சடித்த தமிழ் எங்கேயோ போய்விட்டது. "அப்போ... இத்தனை நாளும்... இதுக்கும் மூச்சு முட்டித்தானா?"

எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

புன்னகை தன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தார். "எனக்கு எஞ்சின் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்த உஸ்ஸுன்ற சத்தம் கேட்டுச்சு."

"மூடினா மூச்சு முட்டும்னு யாருக்கு சார் தெரியாது?" என்றார் அரக்கு அண்ணன். "மேஸ்திரிக்கு முதல் நாளே தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பார். நீங்க என்ன மாத்தணும்னுதானே கேட்டீங்க?"

ஆவன மண்டபத்தைப் பார்த்தார். பதாகையில் அவரே அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேளம் கேட்டது. வண்டி தானாக மறுபடி கிளம்பும்வரை காத்திருக்க நேரமில்லை. முத்திரை கலையாத கார் மேடைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

அம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். ரொம்பப் பணிவாகக் கேட்டாள்:

"பிரிக்கவா சார், தள்ளவா?"

பிரித்தால் வண்டி ஓடும், விருது ஓடிவிடும். ஆவன கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார்.

தள்ளினோம். ஆவன நடுவில், புன்னகை இடது ஓரம், நானும் அரக்கு அண்ணனும் வலது ஓரம். மூச்சு முட்டியது. ஆனாலும் எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒரு ஆபீஸையே ஏமாற்றிவிட்டேனே! அடுத்து யார் குரலில் யாரை ஆட்டிவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

"வாலு," என்றார் அரக்கு அண்ணன், என் காதோரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. "காலையில குரல் அச்சு அசல் அவரோடதுதான். கனைப்புகூட சுத்தம். ஆனா கடைசியில ஒண்ணு சொன்ன பாரு, 'நன்றி'ன்னு. அவர் எந்தக் காலத்துல நன்றி சொன்னார்?"

என் கால் தடுக்கியது.

"அப்ப... தெரிஞ்சேதான் ஒட்டினீங்களா?"

"உத்தரவு வந்துச்சு. நல்ல உத்தரவு. எவ்வளவு நாளா காத்துக்கிட்டிருக்கோம், யாராவது ஒருத்தர் போடமாட்டாங்களான்னு."

பூனைக்கு மணி கட்ட நான்தான் கிளம்பினேன் என்று நினைத்திருந்தேன். மணியை என் கையில் கொடுத்துவிட்டு, அலுவலகமே மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறது. நான் நிமிர்ந்து ஓட்டுநர் சன்னலைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் அம்மாவின் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கும் தெரியுமா?"

"வீட்டுல கண்ணாடி முன்னாடி ஒரு வாரம் க்ஹும் க்ஹும்னு கனைச்சா, எனக்குத் தெரியாதாடி?"

சொல்லும்போதே அவள் மூக்கிலிருந்து முதலில் ஒரு உஸ்ஸ்ஸ் வந்தது. அப்புறம் உள்ளே பல வாரமாக அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வண்டியே குலுங்கியது. நான் உங்களுக்கு உறுதியளித்த சிரிப்பு இதுதான். முத்திரை பிரிக்கப்பட்டது.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? காரணம் உங்களுக்குத் தலைப்பிலேயே தெரியும். இவ்வளவு நேரம் எங்களோடு கூடவே வந்தீர்கள். ஒரு வார்த்தை வாயைத் திறந்தீர்களா?

வாருங்கள். பின்பக்கம் இன்னும் இடம் இருக்கிறது. தள்ளுங்கள்.